வைக்கோலுக்கு விருது

பரணிதரனுக்கு நாடகம் என்றால் உயிர். நாடகம் போடுகிறவர்களுக்குப் பரணிதரன் என்றால் வயிற்றுக் கலக்கம்.

திருவாரூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. மூன்றாம் ஆண்டு. படிப்பு என்பது ஒரு நாடகத்துக்கும் அடுத்த நாடகத்துக்கும் நடுவில் அவன் செய்துவந்த காரியம். டெல்டாவில் எங்கே மேடை போட்டாலும் பேருந்து மாறிப் போய்விடுவான். கடைசி வரிசையில் ஓரமாக உட்காருவான். முகம் அசையாது. சிரிக்க வேண்டிய இடத்திலும் அசையாது, அழ வேண்டிய இடத்திலும் அசையாது. மறுநாள் காலை ‘கடைசி வரிசை’ என்ற வாட்ஸ்அப் சேனலில் அவன் குரல் வரும். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சாவு அறிவிப்பார்களே, அந்தக் குரல். அதில்தான் விமர்சனம் சொல்வான். பத்து மாவட்டத்துக் கல்லூரி விடுதிகளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்த்தன என்று அவனுடைய கூட்டாளி ஷிஃபா சொல்வாள். சேனலில் பதிவுகளை வெட்டி ஒட்டிப் போடுவது அவள் வேலை.

தஞ்சாவூரில் ஏசி அரங்கில் ஒரு இசை நாடகம் நடந்தது. நெல்லின் வாழ்க்கை வரலாறு. பச்சைப் பட்டு உடுத்திய பெண்கள் நாற்றாக ஆடினார்கள். கதிர் அறுக்கும் இயந்திரம் வில்லனாக வந்தது. பரணிதரன் சொன்னான்: “பாட்டுங்களுக்கு நடுவுல கதை ரெண்டொரு தடவை வந்து எட்டிப் பாத்துச்சு. யாரும் உக்காரச் சொல்லல, போயிடுச்சு. நாத்தா ஆடுனவங்க யாரும் சேத்துல கால் வச்சதில்லன்னு முதல் பாட்டுலயே தெரிஞ்சிது. சேறே இல்லாம நெல்லு வெளையறது இதான் முதல் தடவை. வேளாண்மைத் துறை கவனிக்கவும்.”

திருக்கடையூரில் ஒரு மண்டபத்தில், அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் அப்பாவின் வாழ்க்கையையே நாடகமாகப் போட்டார்கள். கடைசிக் காட்சியில் அப்பாவே அப்பாவாக வந்தார். “அந்தப் பாத்திரத்துக்கு அவரு பொருந்தல. வேற யாரையாவது போட்டிருக்கலாம்.”

நாகூரில் வளைகுடாவிலிருந்து திரும்பிய கலந்தர் என்பவர் ஒரு நாடகம் போட்டார். துபாயில் இருக்கும் கணவனோடு மனைவி தொலைபேசியில் பேசுகிற காட்சியில் மைக் செத்துப்போனது. அந்தப் பெண் நிறுத்தாமல், சத்தமே இல்லாமல், கடைசி வரை பேசி முடித்தாள். அது பரணிதரனுக்கு நிஜமாகவே பிடித்துப்போனது. “இந்த வருஷம் நான் பாத்ததுலயே பெரிய காட்சி இதான்” என்று மனசாரச் சொன்னான். ஆனால் அதே குரல். ஊரே சிரித்தது. கலந்தர், ஷிஃபாவுக்குத் தாய்மாமன். “மைக் போனதக் கேலி பண்றான் ஒன் கூட்டாளி” என்று அவளிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஷிஃபா எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் நம்பவில்லை.

பரணிதரன் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். தன் வாயிலிருந்து பாராட்டு வந்தால் அது பாராட்டாகப் போய்ச் சேராது என்று. யோசிக்கவில்லை. சிரிப்புப் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

*

தெற்குமடை, அவனுடைய அக்கா மலர்க்கொடியைக் கட்டிக்கொடுத்த ஊர். திருத்துறைப்பூண்டியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒரு காலத்தில் ஆற்றங்கரை உடைந்து, ஊரும் வயலும் முழுகப்போன நேரத்தில், எதைப் போட்டும் உடைப்பு அடங்காததால் சன்னாசி என்கிற பண்ணையாளை உயிரோடு உடைப்பில் இறக்கி மண்ணைக் கொட்டினார்கள் என்பது அந்த ஊர்க் கதை. அதைத்தான் ‘கரை காத்தவன்’ என்று வருஷா வருஷம் போடுகிறார்கள். இறக்கச் சொன்னது யார் என்று நாடகத்தில் வராது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசியில், ஆறு நிறைந்து வரும்போது, பழைய உடைப்பு இருந்த அதே இடத்தில், கரைக்குக் கீழே மேடை. மதியம் தொடங்கி விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுவார்கள். கடைசிக் காட்சிக்கு ஒரு முறை உண்டு. சன்னாசி வேடம் கட்டியவர் குழியில் இறங்கமாட்டார். அன்று வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த சட்டையை அவர் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதை வைக்கோல் பொம்மைக்கு மாட்டிக் குழியில் போட்டு, மண்கட்டிகளால் மூடுவார்கள். மூடுகிறவர்கள் குழியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் சட்டைக்காரர் பின்பக்கமாக இறங்கி, வெற்று மேலோடு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்க வேண்டும். யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. வீட்டில் ஆக்கி வைத்திருக்கிற சோற்றைத் தின்று கை கழுவிய பிறகுதான் அவர் மறுபடியும் அவர்.

முன்பு ஒரு வருஷம் வெளியூர்க் கூட்டாளி ஒருவன், விவரம் தெரியாமல், நடந்துபோனவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டான். அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அந்தத் தை அறுப்புக்கு அவர் இல்லை. மதகின்மேல் நடந்தவர் வழுக்கி உள்ளே போய்விட்டார். மதகில் பாசி இருந்திருக்கும் என்பான் பரணிதரன். பாசி எல்லா வருஷமும்தான் இருக்கிறது என்பார்கள் ஊர்க்காரர்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

போன வருஷம் சன்னாசியாக நடித்தவர் மலர்க்கொடியின் புருஷன் தமிழ்மாறன். திருத்துறைப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். மைத்துனன் வந்திருக்கிறானே என்று முதல் வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். பரணிதரன் அதைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான். மறுநாள் காலை சேனலில் வந்தது இதுதான்:

“தெற்குமடையில ‘கரை காத்தவன்’. நாயகன் சாவுற நேரத்துல நாயகன் வீட்டுல சாப்டுட்டிருந்தாரு. நானே போயிப் பாத்தேன். ரசம். மதியத்துலேர்ந்து நடிச்ச அவரவிட, கடைசியில வந்த வைக்கோல் நல்லா நடிச்சிது. வசனம் கம்மி, உணர்ச்சி அதிகம். குழியில போட்டப்பக்கூட வீட்டுக்கு ஓடல. இந்த வருஷத்துச் சிறந்த நடிகர் விருது வைக்கோலுக்கு.”

அவன் சொன்னதிலேயே அதிகம் பரவியது அதுதான்.

தமிழ்மாறன் முதலில் தானும் சேர்ந்து சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘வைக்கோல் சார்’ என்றார்கள். விசில் ஊதினால், வைக்கோல் ஊதுது என்றார்கள். டீக்கடையில் நிறுத்திய அவர் பைக்கின் இருக்கையில் யாரோ ஒரு பிடி வைக்கோலைப் பாந்தமாக வைத்துவிட்டுப் போனார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, பெயர் மறந்து, “அந்த வைக்கோல் சாரைப் பாக்கணும்” என்று அலுவலகத்தில் நேராகவே கேட்டுவிட்டாள். அதன் பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கோபப்படவும் இல்லை. மைத்துனன் வீட்டுக்கு வந்தால் கோழி அடித்துச் சோறு போட்டார். அதுதான் பரணிதரனுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது.

*

இந்த ஐப்பசியில் மலர்க்கொடி தொலைபேசியில் அழைத்தாள். அவள் கிராம சுகாதாரச் செவிலியர். காய்ச்சலென்றால் மாத்திரை கொடுப்பாளே தவிர வேப்பிலை அடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அவள் குரல் தணிந்து வந்தது.

“மாமா இந்த வருஷம் வைக்கோல் வேணாங்கறாருடா. அவரே எறங்கப் போறாராம்.”

“எங்க?”

“எங்கன்னு கேக்குற பாரு.”

அவரே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார் என்றாள். எப்போதும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டுகிற குழியை இந்தத் தடவை ஆள் ஆழத்துக்குத் தோண்டச் சொல்லியிருக்கிறார். இவர் உள்ளே குந்திக்கொள்வார். தலைக்குமேல் மூங்கில் படலைப் போட்டு, அதன்மேல் மண்கட்டி. மூச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். கூட்டம் கலைந்ததும் தோண்டி எடுப்பார்கள். மேட்டுக்கொல்லையில் ஒத்திகை பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

“அப்ப சரிதானேக்கா” என்றான்.

 மலர்க்கொடி சொன்னாள்:

“அன்னைக்கி எறங்குனவன் சோறு திங்காமத்தான் எறங்குனான். அவன் பொண்டாட்டி ஆக்கி வச்சிட்டுக் காத்துக் கெடந்தா. அதுக்குத்தான்டா வருஷா வருஷம் ஒருத்தன் வீட்டுக்கு வந்து திங்கிறான். நம்மாளு ஒருத்தன் போனது போதும்னு. நீ அதப் போயி ரசம்னு சொன்ன.”

பரணிதரன் வாயெடுப்பதற்குள் அவளே முடித்தாள். 

“நீ ஒட்டுன பேரு. நீயே உரிச்சிவிடு” என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கே உட்கார்ந்து பதிவு செய்தான். போன வருஷம் தான் சொன்னது தவறு, அந்த ஊர் வழக்கத்தின் அர்த்தம் தனக்குத் தெரியாது, தமிழ்மாறன் நல்ல நடிகர், வைக்கோலுக்குக் கொடுத்த விருதைத் திரும்பப் பெறுகிறேன், இந்த வருஷமும் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத்தான் வேண்டும். ஒரு வார்த்தைகூடக் கேலியில்லை. ஷிஃபாவுக்கு அனுப்பினான். அவள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், “இரு, இது சீரியஸாவா?” என்றாள்.

போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது போன வருஷத்துப் பதிவைத் தாண்டிவிட்டது. ‘விருது திரும்பப் பெறப்பட்டது, வைக்கோல் மேல்முறையீடு’ என்று ஒருவன் படம் செய்து போட்டான். வைக்கோல் பொம்மையின் கழுத்துக்கு மேல் தமிழ்மாறனின் முகம், வாயில் விசில். இந்த வருஷம் நாடகத்துக்கு எல்லோரும் கிளம்பி வருவதாக விடுதிகளில் முடிவானது.

தமிழ்மாறனிடமிருந்து பரணிதரனுக்கு ஒரே ஒரு பதில் வந்தது. கட்டைவிரல்.

*

நாடகத்துக்கு முந்தின நாள் நேரிலேயே போனான். வானம் கழுவாத பாத்திரம் மாதிரி கிடந்தது. நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு என்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆறு கரைக்குச் சமமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தோடு போகிற தண்ணீரைவிட அது பார்ப்பதற்குச் சங்கடமாக இருந்தது.

கரையடியில் குழிக்குள் தமிழ்மாறன் தலை மட்டும் தெரிந்தது. மண்வெட்டியால் அடிமண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மேலே அவருடைய அப்பா வைரக்கண்ணு, நாடகத்துக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர், கூடையை வாங்கி வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். கரைமேல் சைக்கிளில் போன லஸ்கர், பொதுப்பணித்துறையின் கரைக் காவல்காரர், ஆறு இன்னும் ஏறும், கரையடியில் இவ்வளவு ஆழம் ஆகாது, மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். அவருக்குக் காவல் காக்க இன்னும் நிறையக் கரை இருந்தது.

பரணிதரன் குழி விளிம்பில் குந்தினான்.

“மாமா, போன வருஷம் நான் சொன்னது தப்பு. நீங்க நல்லா நடிச்சீங்க.”

தமிழ்மாறன் நிமிர்ந்தார். அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். உதட்டோரத்தில் எங்காவது துடிக்கிறதா என்று தேடுகிற பார்வை. எதுவும் துடிக்கவில்லை. எப்போதுமே துடித்ததில்லை.

“இதுக்கு எங்க சிரிக்கணும் மாப்ள?” என்றார்.

“நெசமாத்தான் சொல்றேன் மாமா. வைக்கோலே இருக்கட்டும்.”

“அதையுந்தான் ரெண்டு வகையா சொல்லிட்டியே. எத எடுத்துக்கறது?”

கோபமில்லாமல்தான் கேட்டார். குனிந்து மறுபடி செதுக்க ஆரம்பித்தார். அவர் குதிகால் பதிந்த இடங்களில் தண்ணீர் ஊறி, ஒவ்வொரு தடமாக மெதுவாக நிறைந்துகொண்டிருந்ததைப் பரணிதரன் பார்த்தான். ஈரமாக இருக்கிறதே என்றான். ஆற்றங்கரையில் வேறு எப்படி இருக்கும் என்றார் அவர்.

திரும்புகிற வழியில் வைரக்கண்ணு கூடவே வந்தார். பொம்மையை எப்போதும்போல் கட்டி மேடைக்குப் பின்னால் வைத்துவிடுவதாகவும், கடைசி நேரத்தில் மகனின் சட்டையை எடுத்து அதற்கு மாட்டிக் குழியில் தள்ளிவிட்டால் அவன் ஊர் முன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றும் சொன்னார். மலர்க்கொடியிடமும் சொல்லி வைத்தாயிற்று. பரணிதரனுக்கு மூச்சு வந்தது. அவன் விமர்சகன், கடைசிக் காட்சியை மாற்றுவது நல்ல யோசனை என்றே பட்டது.

*

மறுநாள் தமிழ்மாறன் வீட்டிலிருந்து சட்டையே போடாமல் வந்தார். இடுப்பில் ஒரு வேட்டி, தலையில் துண்டு. அப்பா எதை யோசிப்பார் என்று மகனுக்குத் தெரிந்திருந்தது.

தெற்குமடை அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. பாதிப் பேர் பைக்கில் வந்த கல்லூரிப் பையன்கள். சிலர் கையில் வைக்கோல் பிரி. ஷிஃபாவால் வரமுடியவில்லை, நாகூர்ப் பக்கம் பேருந்து ஓடவில்லை. முடிந்த உடனே விமர்சனத்தை அனுப்பு, அனுப்பவில்லையென்றால் எடுக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருப்பேன் என்று தொலைபேசியில் மிரட்டினாள். பரணிதரன் சரி என்று சொல்லிக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்கு அவன் வைத்திருந்த அழைப்பொலி, தஞ்சாவூர் அரங்கில் திரை தூக்குவதற்கு முன் அடிக்கிற மணி. அதை அவனே பதிவு செய்துகொண்டு வந்தான். அந்த இசை நாடகத்தில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான் என்பது அவன் கருத்து.

கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது.

தமிழ்மாறன் மேடைக்கு வந்ததும் வைக்கோல் பிரிகள் ஆடின. கொஞ்ச நேரம்தான். வசனம் போகப் போக ஒவ்வொன்றாக இறங்கின. அவர் நடிக்கிற மாதிரியே தெரியவில்லை. கரை உடைந்த சேதி வரும் காட்சியில், சன்னாசி கையிலிருக்கிற சோற்றுச் சட்டியைக் கீழே வைப்பான். வெறுமனே வைப்பான், அவ்வளவுதான். அந்தச் சட்டியை அவர் வைத்த விதத்தில் ஒரு பையன் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பரணிதரன் பார்த்தான். தன் கன்னத்திலும் ஏதோ ஓடுவது பிறகுதான் உறைத்தது. தூறல் என்று வைத்துக்கொண்டான்.

பறை மாறியது. தமிழ்மாறன் மேடையை விட்டு இறங்கி, குழியருகே போய், ஒருமுறை கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்தார். இறங்கினார். படலை வைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்கட்டிகளைப் போட ஆரம்பித்தார்கள். பறை ஓங்கியது. கூட்டம் மூச்சு விடவில்லை.

நாடகத்தில் எங்கே கயிறு, எங்கே ஆணி, எங்கே தந்திரம் என்று தேடியே பழகிய கண் பரணிதரனுடையது. மண்ணுக்கு மேல் ஓரமாக நீட்டிக்கொண்டிருந்த குழாயை அவன் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் வாயில் முதலில் மூச்சு வந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பு ஆடியது. பிறகு ஆடவில்லை. பிறகு குழாயின் வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொப்பளித்து வழிந்தது.

எழுந்து நின்றான். “நிறுத்துங்க. குழாயில தண்ணி வருது” என்றான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. “கடைசி வரிசை ஆரம்பிச்சிட்டான்டா” என்று யாரோ சொல்ல, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாக உடைந்தது.

“நெசமாத்தான். உள்ள ஆளு இருக்காரு. தண்ணி ஏறுது.”

கைதட்டினார்கள். கத்தத்தான் நினைத்தான். வாயில் வந்தது அதே குரல்தான். சாவு அறிவிப்புக் குரல். நாலைந்து பேர் கைப்பேசியைத் தூக்கி அவனைப் படம் பிடித்தார்கள்.

நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். குழியருகே போய்ப் படல்மேல் விழுந்து மண்ணைக் கையால் வாரினான். முகத்தைத் திருப்பியிருந்தவர்களுக்கு அவன் வந்ததே தெரியவில்லை. கட்டிகள் அவன் முதுகில் விழுந்தன. பக்கத்தில் இருந்த ஒரு கையை எட்டிப் பிடித்தான். நரைத்த ரோமம் படிந்த கை. வைரக்கண்ணுவுடையது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

“கீழ பாருங்க” என்றான் பரணிதரன். “ஒங்க மகன்.”

குழியைப் பார்க்கக் கூடாது என்கிற வழக்கத்தை அவர்தான் முதலில் உடைத்தார். பார்த்தார். பறை ஒவ்வொன்றாக நின்றது.

படலைப் பிடுங்கி எறிந்தபோது உள்ளே தமிழ்மாறன் தெரியவில்லை. காபி நிறத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. பரணிதரன் குதித்துத் துழாவி அக்குளில் கை கொடுத்துத் தூக்க, மேலிருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். அவரைக் கவிழ்த்து முதுகைத் தட்டினார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீரும் சேறுமாகக் கக்கினார். இருமினார். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் குழி நிற்கவில்லை. அடியிலிருந்து தண்ணீர் மண்ணோடு சேர்ந்து கொதிக்கிற மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. ஆறு கரைக்கு அடியில் வழி கண்டுபிடித்துவிட்டது. இப்போதே மூடாவிட்டால் பழைய உடைப்பு மறுபடி உடைப்புத்தான் என்பதை அங்கிருந்த யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாக்கு மூட்டைகள் வந்தன. மண்வெட்டிகள் வந்தன. எல்லோரும் வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். யாரும் முதல் கட்டியைப் போடவில்லை.

“வெறுங்குழிய மூடக் கூடாது” என்றார் வைரக்கண்ணு.

மேடைக்குப் பின்னாலிருந்து பொம்மையைத் தூக்கி வந்தார்கள். அதன் மேல் ஒன்றும் இல்லை. எல்லோரும் தமிழ்மாறனைப் பார்த்தார்கள். அவர் வெற்று மேலோடு சேற்றில் கிடந்தார். வீட்டிலிருந்து போட்டு வந்த சட்டை என்று அவருக்கு ஒன்று இல்லை. தண்ணீர் விளிம்புக்கு வந்து, யோசிக்கிற மாதிரி ஒரு கணம் நின்று, வழிந்து வயலுக்குள் ஓட ஆரம்பித்தது. தமிழ்மாறன் கையூன்றி எழுந்து குழியை நோக்கி நகர்ந்தார்.

“என்னையே போட்டு மூடுங்கப்பா” என்றார். அதை அவர் நடிக்கவில்லை.

சட்டைதானே என்று நினைத்தான் பரணிதரன். வேறெதுவும் நினைக்க நேரமில்லை. பித்தானைக்கூடக் கழற்றாமல் தலைவழியாக உருவி, வைக்கோலுக்கு மாட்டி, கையாலேயே குழிக்குள் தள்ளினான். நீலக் கட்டம் போட்ட சட்டை ஒருமுறை உப்பி, கவிழ்ந்து, உள்ளே போனது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மண்ணும் மூட்டையும் விழுந்தன. விழுந்துகொண்டே இருந்தன. பொங்கிய தண்ணீர் கலங்கி, தயங்கி, நின்றது.

அதன் பிறகுதான் அவன் கவனித்தான். ஒருவரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. படம் பிடித்த பையன்கள்கூடக் கைப்பேசியைக் கீழே இறக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றி சொல்லவோ என்னவோ தமிழ்மாறன் “மாப்…” என்று வாயெடுத்தார். வைரக்கண்ணு சட்டென்று சேற்றுக் கையால் மகனின் வாயைப் பொத்தினார்.

கூட்டம் நடுவில் பிளந்து ஒரு பாதை விட்டது.

“போங்க தம்பி” என்றார் வைரக்கண்ணு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு. “வீட்டுல சோறு ஆக்கிருக்கு.”

பரணிதரனுக்கு ஒரு நல்ல வசனம் தோன்றியது. இப்படிக் கைதட்டலே இல்லாமல் வெளியேறிய நடிகன் தமிழ்நாட்டிலேயே தான் ஒருவன்தான் என்கிற மாதிரி ஒன்று. சொல்லிக் காட்ட யாருடைய முகமும் கிடைக்கவில்லை. நடந்தான்.

பாதையின் பாதியில்தான் பின்னாலிருந்து மணி அடித்தது.

திரை தூக்குவதற்கு முன் அடிக்கிற மணி. மண்ணுக்கு அடியிலிருந்து, மூட்டைகளுக்கு அடியிலிருந்து, வாயைப் பொத்தினால் வருகிற குரல் மாதிரி வந்தது. கை தானாக மார்புக்குப் போய், பையைத் தேடி, வெறும் தோலைத் தொட்டது. ஷிஃபா. நாடகம் முடிந்திருக்கும், விமர்சனம் வரவில்லை, கூப்பிடுகிறாள். அவளுக்குத் தெரியாது. வெளியூர்.

கூட்டத்தில் ஒரு பெண் வாய்க்குள் ஏதோ சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் கழுத்து நரம்பு திரும்பு திரும்பு என்று இழுத்தது. மதகில் பாசி இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாசிதான். நடந்தான். மணி நின்றது. மறுபடி அடித்தது.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி, கோயிலைத் தாண்டிப் போக வேண்டும். மழை இறங்கிவிட்டது. மலர்க்கொடி வாசலில் செம்புத் தண்ணீரோடு நின்றாள். புருஷன் வருவாரோ, சேதி வருமோ என்று நின்றவள், தம்பி வெற்று மேலோடு வருவதைப் பார்த்தாள்.

“மாமா நல்லா இருக்காரு” என்றான்.

அவள் கண் மூடித் திறந்தது. பிறகு அவன் மேலைப் பார்த்தாள். சட்டை இல்லாத தோளை, மார்பை. ‘டேய்’ என்று அவள் உதடு குவிந்ததைப் பார்த்தான். அவளே அதைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.  செம்பை நீட்டினாள். இலை போட்டாள். சோற்றை வைத்து, குழிபறித்து, ரசம் ஊற்றினாள். கொஞ்சம் இலைக்கு வெளியே ஓடியது.

முதல் கவளத்தை எடுத்தான். எதைத் தின்றாலும், எதைப் பார்த்தாலும் உடனே ஒரு கருத்து தோன்றுகிற தலை அவனுடையது. ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடு, சீக்கிரம் சாப்பிட்டு முடி என்பது மட்டும்தான் இருந்தது.

மழைச் சத்தத்துக்கு நடுவே அது கேட்டது. இவ்வளவு நேரம் தண்ணீருக்கு அடியில் கிடந்த கைப்பேசி. அவ்வளவு மண். இரண்டு தெரு. தன் காதுக்குள்ளேதான் அடிக்கிறது, பயம், வேறொன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

ரசக் கரண்டியைக் கையில் வைத்தபடி, மலர்க்கொடி ஆற்றுப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.